கொழும்பு வெக்கையில் கலர் பிலிம் கழுவுவது

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவலாம், கலரை லாப்புக்குத்தான் கொடுக்க வேண்டும். கொழும்பில் பிலிம் கமரா வைத்திருக்கிற நண்பர்களில் பலர் இன்னும் இப்படித்தான் நம்புகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இந்த ஊரில் வீட்டில் கழுவத் தொடங்குகிறவருக்குக் கலர்தான் சுலபம். கொஞ்சம் திட்டமிட்டால் அதுதான் மலிவும் கூட.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், நாம் படிக்கிற குறிப்புகளெல்லாம் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே கறுப்பு வெள்ளைக்கு எல்லா அட்டவணையும் 20 பாகை செல்சியஸில் தொடங்கும். அவர்களுக்கு அது அறை வெப்பநிலை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் குழாயைத் திறந்தால் 28, 29 பாகையில் தண்ணீர் வருகிறது. மொட்டைமாடியில் கறுப்புத் தாங்கி வெயில் குடித்துக்கொண்டிருக்கும் நடுப்பகலில் இன்னும் கூடும். அதை 20க்கு இறக்க ஐஸ் கட்டி வேண்டும், ஐஸ் கரையக் கரையத் திரும்பப் போட வேண்டும். இறக்காமல் 29லேயே கழுவினால், பிலிமில் படத்தைத் தோன்றச் செய்யும் திரவமான டெவலப்பருக்குரிய நேரம் மிகவும் சுருங்கிவிடும், நான்கு ஐந்து நிமிடத்துக்குள் போனால் படம் திட்டுத்திட்டாக வரக்கூடும். ஆகவே இங்கே கறுப்பு வெள்ளை கழுவுகிறவர் எப்போதும் தண்ணீரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

கலர் நெகட்டிவுக்கு டெவலப்பர் வெப்பநிலை 37.8 பாகை. நம் குழாய்த் தண்ணீரை விட ஒன்பது பாகைதான் அதிகம்.

இந்த எண் எப்போதும் இருந்ததல்ல. இன்று கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையைக் கோடாக் நிறுவனம் 1972இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்த சி-22 முறை 24 பாகையில் நடந்தது. புதிய முறை வேலையைச் சூடாகவும் வேகமாகவும் முடிக்கச் செய்யப்பட்டது. மற்ற நிறுவனங்களும் அதற்கு ஒத்துப்போகிற பிலிம்களையே செய்யத் தொடங்கின. பூஜியின் சிஎன்-16 என்பதும் சி-41உடன் ஒத்துப்போவதுதான். எந்தப் பெட்டியில் வந்த கலர் நெகட்டிவ் பிலிமானாலும், 100, 400, 800 என்று எந்த ஐஎஸ்ஓவானாலும் (பிலிம் ஒளியை உணரும் வேகம்), ஒரே டாங்கில், அதாவது ஒளி புகாத ஒரே கழுவும் பாத்திரத்தில், ஒரே நேரம் கழுவலாம் என்பது இதனால்தான். கறுப்பு வெள்ளையில் பிலிமுக்கொரு நேரம், டெவலப்பருக்கொரு நேரம் என்று அட்டவணை தேட வேண்டும். இங்கே மனதில் வைக்க வேண்டியது 3 நிமிடம் 15 செக்கன் ஒன்றுதான்.

இனி அந்த ஒன்பது பாகையை எப்படி ஏற்றுவது என்று பார்ப்போம். வெளிநாட்டில் இதற்காகத் தண்ணீரைச் சுழற்றிச் சூடாக்கும் மின்கருவி வாங்குகிறார்கள். குழாயில் 10 பாகையில் தண்ணீர் வருகிறவருக்கு அது நியாயமான செலவு. நமக்குத் தேவையில்லை. 8.5 லீட்டர் குழாய்த் தண்ணீரோடு, கேத்தலில் கொதித்த 1.5 லீட்டரைக் கலந்தால் 39.5 பாகையை ஒட்டி ஒரு வாளி கிடைக்கும். கெமிக்கல் போத்தல்களை அதற்குள் இறக்கியதும் வாளியின் சூடு ஒன்று இரண்டு பாகை குறையும். அப்போது இன்னும் கொஞ்சம் கொதிநீர் ஊற்றிக்கொள்ளலாம். அறையே 30 பாகையில் இருப்பதால் வாளி ஆறுவதும் மெதுவாகத்தான். டெவலப்பருக்கு வேண்டிய அந்த மூன்றேகால் நிமிடத்தில், டாங்கை ஆட்டாத நேரமெல்லாம் வாளித் தண்ணீருக்குள்ளேயே நிறுத்தி வைத்தால் சூடு இறங்குவது மிகக் குறைவு. பத்து பாகைத் தண்ணீர்க்காரருக்கு இதே வாளிக்கு மூன்றேகால் லீட்டருக்கு மேல் கொதிநீர் வேண்டும், பிறகு குளிர்ந்த அறையோடு ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டும்.

2022இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலும் இந்த வேலைக்குக் கரண்ட் தேவைப்படவில்லை. பிளாஸ்கில் பிடித்து வைத்த கொதிநீர் போதுமாக இருந்தது. காஸ் கிடைப்பதுதான் அப்போது பெரிய பாடு.

வெப்பமானி பற்றிச் சொல்ல எனக்கு மிகவும் ஆசை. கோடாக்கின் கையேடு டெவலப்பருக்கு அனுமதிக்கும் விலகல் 0.15 பாகை மட்டும். இதைப் படித்ததும் பலர் பயந்து விலகிவிடுகிறார்கள், அல்லது விலை கூடிய கருவியைத் தேடுகிறார்கள். ஆனால் 37, 38 பாகையைச் சுற்றி மிகத் துல்லியமாக அளக்கும் கருவி ஒன்று அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மோமீட்டர். டெங்குக்கும் கோவிட்டுக்கும் பயந்து நாமெல்லாம் பாமசியில் வாங்கி வைத்ததுதான். மனித உடம்பின் சூட்டை 0.1 பாகைக்குள் காட்டவென்றே அது செய்யப்பட்டிருக்கிறது, நமக்கு வேண்டிய எண்ணும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஒரு குறை உண்டு: அது எட்டிய உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சூடு இறங்குவதைக் காட்டாது. அதனால் நான் அதைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துகிறேன். குசினிக்கு விற்கிற சாதாரண கம்பி வெப்பமானியையும் இதையும் ஒரே கோப்பைத் தண்ணீரில் வைத்து, 38ஐச் சுற்றி இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒருமுறை பார்த்து, கம்பி வெப்பமானியில் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் போதும். பிறகு வேலை முழுவதற்கும் கம்பி வெப்பமானியே போதும்.

டெவலப்பரில் ஏன் இவ்வளவு கறார் என்று தெரிந்துகொண்டால் எங்கே கவனம் வைப்பது, எங்கே தளர்வது என்பது தானாகத் தெளிவாகும். கலர் பிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படலங்கள் இருக்கின்றன. மேலே நீல ஒளியை உணர்வது, நடுவில் பச்சை, அடியில் சிவப்பு. ஒளி பட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் வெள்ளியாக மாற்றும்போது டெவலப்பர் தானும் மாறுகிறது. அந்த மாறிய டெவலப்பர் அந்தந்தப் படலத்திலேயே காத்திருக்கும் இன்னொரு பொருளோடு சேர்ந்து சாயமாகிறது. மேலே மஞ்சள், நடுவில் மெஜெந்தா, அடியில் சயன். திரவம் மேலிருந்து கீழே ஊறிப் போக வேண்டும், அதனால் மூன்று படலமும் ஒரே வேகத்தில் வளராது. 37.8 பாகை, 3 நிமிடம் 15 செக்கன் என்ற கணக்கில்தான் மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கின்றன. சூடு தவறினால் நிழலில் ஒரு நிறச்சாயலும் வெளிச்சத்தில் இன்னொரு சாயலும் ஏறும். அதைக் கணினியில் திருத்துவது பெரும் வேலை.

டெவலப்பர் முடிந்ததும் அந்தக் கறாரும் முடிந்துவிடுகிறது. ப்ளீச் செய்வது வெள்ளியைத் திரும்ப வெள்ளி உப்பாக்குவது. பிக்ஸர் செய்வது அந்த உப்பைக் கரைத்து வெளியேற்றுவது. இரண்டும் முழுதாக முடிய வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தாலும் படத்துக்குக் கேடில்லை. கையேடே இரண்டுக்கும் 38இலிருந்து மூன்று பாகை மேலும் கீழும் விடுகிறது. இடையில் கழுவும் தண்ணீர் 24 முதல் 41 பாகை வரை எதுவும் சரி. அதாவது கொழும்புக் குழாயில் எந்த மாதத்திலும் வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடலாம். இதை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் பெரிது.

கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு ஐயாவிடம் நான் கற்றது நிறைய. கடைக்குள்ளேயே பிலிம் கழுவும் மினிலாப் மெஷின் இரைந்துகொண்டிருந்த காலத்தில் அதை ஓட்டியவர். "தம்பி, மெஷின் செய்றது ரெண்டே ரெண்டு வேலைதான். சூட்டைப் பிடிச்சு வைக்கும், குறையிற கெமிக்கலை நிரப்பும். மத்ததெல்லாம் தண்ணி," என்றார். வீட்டில் கழுவும்போது நான் யோசிப்பதும் இந்த இரண்டைத்தான். சூட்டுப் பிரச்சினையை ஊரே பாதி தீர்த்துவிடுகிறது. மிச்சம் கெமிக்கல். பணம் சேமிப்பதும் வீணாவதும் அங்கேதான்.

பிலிம் ரோல், கெமிக்கல் எல்லாமே வெளியிலிருந்து வருவதால், 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு டொலர் 200இலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது இந்தப் பொழுதுபோக்கே முடிந்துவிடும் என்று நினைத்தோம். பிறகு 300ஐ ஒட்டி இறங்கியது, ஆனால் பழைய விலை திரும்பவில்லை. சரி, ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லீட்டர் தூள் கிட் ஒன்று, அதாவது கழுவ வேண்டிய கெமிக்கல்கள் எல்லாம் சேர்ந்த பொட்டலம், அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்து உங்கள் கைக்கு 15,000 ரூபாயில் வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படியான கிட்களில் பெரும்பாலும் எட்டு ரோல் கழுவலாம் என்று எழுதியிருக்கும். ரோலுக்கு 1,875 ரூபாய். டெவலப்பர் நேரத்தை ரோலுக்கு ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பதினாறு ரோல் கழுவினால் 940 ரூபாயை ஒட்டி வரும். ஆனால் கிட்டைக் கரைத்து மூன்று ரோல் கழுவிவிட்டு, மிச்சத்தை அலுமாரியில் வைத்து மறந்தால் ரோலுக்கு 5,000 ரூபாய். எந்த லாப்பும் அவ்வளவு கேட்காது.

ஆகவே எந்தக் கிட் மலிவு என்று தேடுவதை விட, கரைத்த கிட் எத்தனை ரோலைப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. கரைத்த டெவலப்பரைக் கொல்வது பெரும்பாலும் ரோல்கள் அல்ல, காற்று. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பது மாதிரி, போத்தலின் கழுத்தில் நிற்கும் காற்றே அதைப் பழுப்பாக்கிவிடும். நிறைந்த, இறுக மூடிய போத்தலில் ஆறு முதல் எட்டு வாரம் என்று கிட் செய்கிறவர்கள் சொல்வார்கள். நம் வெக்கையில் அந்தக் கணக்கின் குறைந்த பக்கத்தையே நம்புங்கள். ஒரு லீட்டரை ஒரே போத்தலில் வைக்காமல், ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, விளிம்பு வரை நிரப்பிய சிறிய கண்ணாடிப் போத்தல்களில் வைப்பது நல்லது. அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடக்கூடிய பிளாஸ்டிக் போத்தலும் உதவும். ஆனால் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பதை, பிள்ளைகள் நடமாடும் வீட்டில் நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். எந்தப் போத்தலானாலும் பெரிய எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

இதிலிருந்து வருகிற வழிமுறை மிக எளிது. கிட்டைப் பொட்டலமாகவே வைத்திருங்கள். ரோல்கள் சேரும் வரை கரைக்க வேண்டாம். எடுத்து முடித்த ரோல்களைக் காற்றுப் புகாத டப்பாவில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சில மாதங்கள் தாங்கும். வெளியே எடுத்த பிறகு டப்பாவை உடனே திறக்காமல் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். இல்லாவிட்டால் நம் ஈரக்காற்று குளிர்ந்த பிலிமில் பனித்துவிடும். பத்துப் பதினைந்து ரோல் சேர்ந்ததும், ஒரு சனி ஞாயிறில் கிட்டைக் கரைத்து எல்லாவற்றையும் கழுவி முடியுங்கள்.

தனியாளுக்குப் பதினைந்து ரோல் சேருவது கடினம்தான். நாங்கள் நாலைந்து பேர் பங்கு போடுகிறோம். ஆடிவேல் திருவிழா முடிந்த பிறகு ரோல் சேரவில்லை என்ற பேச்சே இருக்காது. செட்டியார் தெருவிலிருந்து வேல் ரதம் புறப்பட்டுக் காலி வீதி வழியாக வருவதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில் நின்று எடுத்திருப்போம். கல்லால் ஆன கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் உட்பக்கத்து மங்கலான வெளிச்சத்துக்கு 800 ஐஎஸ்ஓ, வெளியே வெயிலுக்கு 200 என்று வகைவகையாக வரும். எல்லாம் ஒரே நேரத்துக்குக் கழுவப்படும் என்பதால் யாருடைய ரோல் எது என்று பிரிக்கத் தேவையில்லை, ரோலின் நுனியில் கத்தரியால் ஒரு வெட்டு அடையாளம் போதும்.

ஆனால் வரிசை முக்கியம். புதிய டெவலப்பரில் முதலில் திரும்ப எடுக்க முடியாத படங்கள்: கலியாணம், அம்மம்மாவின் பிறந்தநாள், ஊருக்குப் போய் எடுத்தவை. கோயில் இருட்டில் எடுத்த வேகமான பிலிமும் முன்னால். கடைசியில் புதிய லென்ஸைச் சோதித்த ரோல்கள். ஒவ்வொரு ரோலுக்கும் நேரத்தை 2 சதவீதம் கூட்டச் சொல்லும் கிட்கள் உண்டு, அதாவது ரோலுக்கு நாலு செக்கன். உங்கள் கிட்டின் தாளில் என்ன இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். டெவலப்பருக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் காசு செலவாகாத வழி ஒன்று உண்டு. பிலிமின் ஓரத்தில் நிறுவனத்தின் பெயரும் பட எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டிருக்கும். உங்கள் கமராவின் தவறு எதுவும் அதில் கலக்காது. அந்த எழுத்துகள் முதல் ரோலில் இருந்த அடர்த்தியில் வந்தால் டெவலப்பர் நன்றாக இருக்கிறது. மெலியத் தொடங்கினால் அடுத்த ரோலை அதில் போட வேண்டாம்.

ப்ளீச்சும் பிக்ஸரும் ஒரே திரவமாக வரும் கிட்கள்தான் சந்தையில் அதிகம். அதைப் ப்ளிக்ஸ் என்பார்கள். தொடங்குகிறவருக்குச் சுலபம், ஒரு போத்தல் குறைவு. ஆனால் இரண்டு எதிரெதிர்க் குணமுள்ள பொருள்களை ஒன்றாக வைத்திருப்பதால் அது தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும். நீண்ட நாள் கழுவப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, ப்ளீச்சைத் தனியாக வாங்குங்கள் என்பதே. விலை கூடினாலும் அது கெடுவதில்லை என்றே சொல்லலாம். வெள்ளியை மாற்றும்போது அதிலுள்ள இரும்பு தன் வலுவை இழக்கிறது, காற்றிலுள்ள ஒட்சிசன் அதைத் திரும்பக் கொடுக்கிறது. "ப்ளீச்சுக்குக் காத்து, டெவலப்பருக்குக் காத்தே ஆகாது," என்று ஐயா சொல்லித் தந்தது இதைத்தான். மினிலாப்பில் அதற்கென்று குழாய் இருந்ததாம். வீட்டில் மீன்தொட்டிக்குப் போடும் சின்னக் காற்றுப் பம்ப் போதும், பாவித்த பிறகு கொஞ்ச நேரம் குமிழ் விட்டு வைத்தால் ப்ளீச் மீண்டு வரும். பிக்ஸர் தீர்ந்தால் கறுப்பு வெள்ளைக்கு விற்கும் ரப்பிட் பிக்ஸரே இதற்கும் ஆகும், அது விலை குறைவு.

ப்ளீச்சைக் கெடுப்பது பிலிமோடு ஒட்டி வரும் டெவலப்பர். அதனால் நடுவில் ஒரு நிறுத்தும் குளியல் வைத்தால் ப்ளீச் நீண்ட நாள் உழைக்கும். அதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கடையில் விற்கும் நிறமில்லாத வினாகிரியைச் சம அளவு தண்ணீரில் கலந்தால் அசற்றிக் அமிலம் 2 சதவீதத்தை ஒட்டி வரும், அது தாராளம். தேங்காய் வினாகிரியும் வேலை செய்யும், ஆனால் அதில் மற்றப் பொருள்களும் இருப்பதால் நான் நிறமில்லாததையே எடுக்கிறேன்.

வேலை நடக்கிற விதம் இப்படி. இருட்டில் பிலிமை ரீல் என்கிற சுருள் சட்டத்தில் ஏற்றி டாங்கில் வைத்து மூடிவிட்டால் பிறகு எல்லாம் வெளிச்சத்தில். முதலில் 38 பாகைத் தண்ணீரை ஒரு நிமிடம் ஊற்றி வைத்து டாங்கையும் ரீலையும் சூடாக்க வேண்டும், அந்தத் தண்ணீர் நிறத்தோடு வெளியே வரும், அது பிலிமின் சாயம்தான், பயப்பட வேண்டாம். பிறகு டெவலப்பர் 3 நிமிடம் 15 செக்கன்: முதல் அரை நிமிடம் தொடர்ந்து ஆட்டி, அப்புறம் ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் நாலு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வினாகிரித் தண்ணீர் அரை நிமிடம். ப்ளீச் ஆறரை நிமிடம், கழுவல், பிக்ஸர் ஆறரை நிமிடம், கழுவல், கடைசியாக நெகட்டிவைக் காக்கும் குளியலான ஸ்டெபிலைசர் ஒன்றரை நிமிடம். ப்ளிக்ஸ் பாவித்தால் அது டாங்குக்குள் வாயுவை உண்டாக்கும், ஆட்டியதும் மூடியைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் உங்கள் கையில் செம்மஞ்சள் நெகட்டிவ் இருக்கும். அந்தச் செம்மஞ்சள் கறை அல்ல, சாயங்களின் குறைபாட்டை ஈடுசெய்யவென்றே பிலிமில் வைத்த முகமூடி.

கொழும்பு கஷ்டம் கொடுக்கிற இடம் சூடு அல்ல, ஈரம். பிலிமை ரீலில் ஏற்றப் பாவிக்கும் ஒளி புகாத கறுப்புத் துணிப்பைக்குள் கையை விட்டு ஐந்து நிமிடத்தில் உள்ளே நீராவிக் குளியல்தான். வியர்வை பட்ட பிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஒட்டிக்கொண்டு ஏறாது. இரவில் யன்னல் இல்லாத ஓர் அறையை இருட்டாக்கி, கையைத் துடைத்து, பைக்கு வெளியே ஏற்றுவது எவ்வளவோ மேல். ரீல் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும் என்பதால், ஒரே நாளில் பல ரோல் கழுவும்போது ரீல்கள் நாலைந்தாவது வேண்டும். நான் டாங்குக்குச் செலவழிப்பதைக் குறைத்து ரீலுக்குச் செலவழிக்கச் சொல்வேன்.

கடைசிக் குளியலைத் தவிர்ப்பது மலிவு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். குளிர் நாட்டில் எப்படியோ, இங்கே வேண்டாம். இப்போதைய ஸ்டெபிலைசர்களில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கிற ஊரில் ஜெலட்டின் பூசிய நெகட்டிவுக்கு அது மிகவும் தேவை. அதைக் கலக்கப் பெற்றோல் செட்டில் விற்கும் பேட்டரித் தண்ணீரை வாங்குகிறேன். தாதுப்பொருள் நீக்கிய தண்ணீர் அது, காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளி விடாது. பேட்டரி அசிட் வேறு, போத்தலைப் பார்த்து வாங்குங்கள். களனி கங்கைத் தண்ணீர் மென்மையானது என்பதால் கொழும்பில் இது அவ்வளவு பெரிய பிரச்சினை அல்ல. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவும் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இது கட்டாயம்.

மலிவைத் தேடிப் போகிறவர்கள் சினிமா பிலிமையும் சந்திப்பார்கள். நீளமாக வாங்கி வெட்டிச் சுற்றினால் ரோலுக்கு விலை குறையும். ஆனால் அவற்றில் பலவற்றின் முதுகில் கரிப்பூச்சு ஒன்று இருக்கும், அதை லாப் மெஷினுக்குக் கொடுத்தால் மெஷினே பாழ். வீட்டில் அப்பச்சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் வேகமாகக் குலுக்கி, கறுப்பு நின்று தெளியும் வரை அலசினால் பெரும்பாலும் போய்விடும். மிச்சத்தைக் கடைசியில் ஈரப் பஞ்சால் துடைக்கலாம். அந்த பிலிம்களுக்கென்று வேறு டெவலப்பர் உண்டு. சி-41இல் கழுவினால் கொன்ட்ராஸ்ட் கூடும். கொழும்பு நடுவெயிலில் அது எனக்குப் பிடிப்பதில்லை, மழைக்கால வெளிச்சத்துக்கு நன்றாக இருக்கிறது.

ஸ்கேனிங் தனியான பெரிய விஷயம். மெக்ரோ லென்ஸ் உள்ள டிஜிட்டல் கமராவும் சீரான வெள்ளை ஒளிப்பலகையும் இருந்தால் போதும் என்று மட்டும் இங்கே சொல்கிறேன்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் சில உண்டு. கையுறை ஒன்று. கலர் டெவலப்பர் தோலில் படப்பட ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது, ஒருமுறை உண்டானால் பிறகு இந்த வேலையையே விட வேண்டி வரும். யன்னல் திறந்திருக்க வேண்டும். அளக்கும் சாடியும் புனலும் புறக்கோட்டையில் சில நூறு ரூபாய், குசினிப் பாத்திரத்தை ஒருபோதும் எடுக்காதீர்கள். பிறகு கழிவு. பிக்ஸரில் உங்கள் படங்களிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது, மீன்களுக்கு அது நஞ்சு. நம் வீட்டு வடிகாலில் ஊற்றுவது எங்கே போய்ச் சேரும் என்று வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கிற யாருக்கும் தெரியும். தீர்ந்த பிக்ஸரை மூடியுள்ள வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கிற இரும்புக் கம்பிப் பஞ்சைப் போட்டு வையுங்கள். இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றை நாங்கள் வடித்து எடுத்து ஒரு போத்தலில் சேர்த்து வருகிறோம்.

இரண்டு மாதத்துக்கு ஒரு ரோல் எடுக்கிறவராக, பங்கு சேர ஆளும் இல்லாதவராக இருந்தால், உங்கள் ரோலை லாப்புக்கே கொடுங்கள். அதுதான் மலிவு. மற்றவர்கள் ஆடிவேல் வரும் வரை சேர்க்கத் தொடங்கலாம். கிட்டை இப்போதே வாங்கி வையுங்கள், தூளாக வருவதையே பாருங்கள், பதினைந்தாவது ரோல் பிரிட்ஜுக்குள் போகும் வரை பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.